அணையும் அணுவும்: கிளின்ச் ஆற்றோரம் ஒரு பயணம்

அமெரிக்காவின் பேர்பெற்ற நதிகளின் வரிசையில் கிளின்ச் ஆற்றுக்கு இடமில்லை. விர்ஜீனியா மலைகளில் பிறந்து, தென்மேற்காக வளைந்து நெளிந்து வந்து, டென்னஸி மாநிலத்தில் கிங்ஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் டென்னஸி ஆற்றில் கலந்துவிடுகிற உபநதி அது. ஆனால் 1929-இல் பொருளாதாரப் பெருமந்தத்தில் குப்புற விழுந்த அமெரிக்கா எப்படி எழுந்தது, எழுந்த கையோடு எப்படிப் போருக்குள் போனது என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த ஆற்றங்கரையைத்தான் சொல்வேன். மேலே நாரிஸ் அணை. மந்த காலத்தில் வேலையும் வெளிச்சமும் கொடுக்கக் கட்டியது. அதே ஆற்றோடு கீழே இறங்கினால் ஓக் ரிட்ஜ். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்கு யுரேனியம் பிரித்துக் கொடுத்த ஊர். இரண்டுக்கும் நடுவே காரில் அரைமணி நேரத் தூரம்தான்.

நாக்ஸ்வில் நகரத்தில் என் அக்கா மகன் குடும்பத்தோடு இருக்கிறான். அந்தப் பக்கம் வருகிற நம்மவர்களை எல்லோரும் ஸ்மோக்கி மலைக்குத்தான் அழைத்துப் போவார்கள். மலைகள் அழகுதான், அதில் சந்தேகமில்லை. நான் அணைக்குப் போகலாம் என்றதும், "டேமா சித்தி? நம்ம ஊர்ல பார்க்காத டேமா?" என்று கேட்டான். ஆனாலும் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்தான்.

நாரிஸ் அணை 265 அடி உயரம், 1,860 அடி நீளம். மேலேயே சாலை போகிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி நின்றால், ஒரு பக்கம் மலைகளின் இடுக்குகளுக்குள் கை கையாகப் பிரிந்து போகிற நீர்த்தேக்கம்; மறுபக்கம் கீழே, கட்டடக் கலைஞர் ரோலண்ட் வாங்க் வடிவமைத்த மின்நிலையம். பூவேலை, தூண், சிலை எதுவும் கிடையாது. வெறும் கான்கிரீட்டும் நேர்க்கோடுகளும். வார்த்தபோது பலகை அடித்த தடம் கான்கிரீட்டில் தெரிகிறது. கையால் தடவினால் மரத்தின் ரேகை விரலில் படுகிறது. ஒரு தச்சர் அறுத்து அடித்த பலகை அது. 1933-இல் அந்த வேலை கிடைத்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்கும். 'அமெரிக்க மக்களுக்காகக் கட்டப்பட்டது' என்பது இந்த வரிசை அணைகளில் பொறித்துவைத்த வாசகம். அந்த வாசகத்தை முழுமனதோடு எழுதியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். அந்த 'மக்கள்' யார் யார் என்ற கேள்விதான் அன்று முழுக்க என்னைத் துரத்தியது.

1933 தொடக்கத்தில் அமெரிக்காவின் நிலையை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பது கடினம். வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. மூன்று, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 வங்கிகள் மூழ்கியிருந்தன. மார்ச் 4-ஆம் தேதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் பதவியேற்று இரண்டே நாளில் நாடு முழுவதும் வங்கிகளுக்கு விடுமுறை அறிவித்துக் கதவைச் சாத்தினார். அப்படிப்பட்ட நாட்டிலேயே பின்தங்கிய பகுதி இந்த டென்னஸி பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் மக்காச்சோளமும் பருத்தியும் மாறி மாறிப் போட்டு மேல்மண் கரைந்துபோன நிலம். மழை கொட்டினால் வெள்ளம். கோடையில் முறைக்காய்ச்சல், பள்ளத்தாக்கின் சில பகுதிகளில் பத்துக்கு மூன்று பேர் மலேரியாவில் படுத்திருந்தார்கள். நூறு பண்ணை வீடுகளில் மூன்றில்தான் மின்சாரம் இருந்தது. தனியார் மின்கம்பெனிகள் கணக்குப் பார்த்தன: மைலுக்கு இரண்டு வீடு இருக்கிற இடத்துக்குக் கம்பம் நட்டால் போட்ட காசு திரும்பாது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முதல் உலகப்போரின்போது, வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் தயாரிப்பதற்காக, இதே டென்னஸி ஆற்றில் அலபாமா பக்கம் மஸ்ஸல் ஷோல்ஸ் என்ற இடத்தில் அரசு தொழிற்சாலையும் வில்சன் அணையும் கட்டத் தொடங்கியது. அணை முடிவதற்குள் போர் முடிந்துவிட்டது. அதை என்ன செய்வது என்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டு சண்டை. ஹென்றி ஃபோர்டு விலைக்குக் கேட்டார். நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ், ஆறு பொதுச்சொத்து, அதைத் தனியாருக்கு விற்கக்கூடாது என்று விடாப்பிடியாக நின்றார். அவர் நிறைவேற்ற வைத்த மசோதாக்களை கூலிட்ஜ் ஒருமுறையும் ஹூவர் ஒருமுறையும் தடுத்தார்கள். 1933 மே 18-ஆம் தேதி ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டு டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம், சுருக்கமாக டி.வி.ஏ., பிறந்தது. தன் சொந்த மாநிலத்துக்கு ஒரு சல்லிக்காசும் வராத திட்டத்துக்காக இத்தனை வருடம் போராடிய நாரிஸின் பெயரை முதல் அணைக்கு வைத்தது மிகச் சரியான முடிவு. போருக்காக முளைத்த விதை சமாதானத்தின் மரமானது இப்படித்தான்.

அணை வேலை அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. வேலை கொடுத்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. ஒரு ஷிப்டுக்கு ஐந்தரை மணி நேரம், நாளுக்கு நான்கு ஷிப்டு. நிறையப் பேருக்கு வேலை பகிர்ந்து கிடைக்கவேண்டும் என்பது ஒரு நோக்கம். மீதி நேரத்தில் தச்சு, மின்வேலை, விவசாயம் என்று ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்பது மற்றொன்று. அணை முடிந்த பிறகு இந்த ஆட்கள் மறுபடி தெருவுக்குப் போய்விடக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். தலைவராக இருந்த ஆர்தர் மார்கனுக்கு இதில் பெரிய கனவு இருந்தது. பக்கத்தில் நாரிஸ் என்ற பெயரிலேயே ஓர் ஊர் கட்டினார். மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகள், ஊரைச் சுற்றிப் பசுமை வளையம், சமையலுக்கும் குளிர்காயவும் மின்சாரம். இன்றும் அந்த வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருக்கள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் தக்கபடி வளைந்து போகின்றன.

அந்த ஊரில் கறுப்பினத்தவர் குடியிருக்க அனுமதி இல்லை. அணையில் வேலை செய்த கறுப்புத் தொழிலாளிகள் வெளியே எங்கிருந்தோ வந்து போனார்கள். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் அப்போதே விசாரணை நடத்திக் கண்டனம் எழுப்பியது. தென்மாநில அரசியல்வாதிகளின் ஆதரவு இல்லாமல் ரூஸ்வெல்டின் எந்தத் திட்டமும் நிறைவேறியிருக்காது என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். சமாதானம் உண்மையாகவே இருக்கட்டும். விலையைக் கொடுத்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீர்த்தேக்கத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. ஏறத்தாழ 2,900 குடும்பங்களின் வீடு, வயல், களஞ்சியம். லாய்ஸ்டன் என்ற முழு ஊர். அந்த ஊர் மூழ்கிய அகன்ற பரப்பை இன்றும் 'லாய்ஸ்டன் கடல்' என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் படகுகள் பறக்கின்றன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சமாதிகளைத் தோண்டி எடுத்து வேறு இடத்துக்கு மாற்றினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. அவர்கள் நிலத்தில் வாரத்துக்கு உழுதவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பத்திரம் இல்லாதவனுக்கு அரசாங்கத்தின் கண்ணில் நிலமும் இல்லை, இழப்பும் இல்லை. பெருமந்தத்தின் நடுவில், கையில் காசில்லாமல், மலைக்கு அந்தப் பக்கம் வேறு நிலம் தேடிப் போனவர்கள் அவர்கள்.

அணையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அப்பலாச்சியா அருங்காட்சியகம். பழைய மரவீடுகளை ஊர் ஊராகப் போய்ப் பிரித்துக் கொண்டுவந்து ஒரு புல்வெளியில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். நடுவே மயில்கள் உலாவுகின்றன. ஒரு கொட்டகையில் பண்ணை வீட்டுச் சாமான்களை அடுக்கியிருக்கிறார்கள். அதில் அடுப்பில் வைத்துச் சூடேற்றும் வார்ப்பிரும்பு இஸ்திரிப் பெட்டிகளைப் பார்த்தபோது நகர மனம் வரவில்லை. ஒன்று ஆறும்போது இன்னொன்று அடுப்பில் இருக்கவேண்டும். ஆகஸ்டு மாதப் புழுக்கத்திலும் விறகு எரியவேண்டும். அதே வீட்டுப் பெண் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, சலவைப்பலகையில் துணி தேய்த்து, சிம்னி விளக்கைத் துடைத்து, இரவில் அந்த வெளிச்சத்தில் கிழிசல் தைக்கவும் வேண்டும்.

மின்சாரம் வந்தது என்பதன் முழுப் பொருள் எனக்கு அந்தக் கொட்டகையில்தான் விளங்கியது. டி.வி.ஏ. முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் 3 சென்ட் என்று கட்டணம் வைத்தது. அப்போது நாட்டில் சராசரி அதைவிட எவ்வளவோ அதிகம். மிசிசிப்பி மாநிலத்தின் டூப்பலோ நகரம் 1934-இல் முதல் வாடிக்கையாளர் ஆனது. தனியார் கம்பெனிகள் உச்சநீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றன. அவர்கள் தரப்பில் முன்னால் நின்ற வெண்டல் வில்க்கி 1939-இல் தன் டென்னஸி மின்கம்பெனியை டி.வி.ஏ.விடமே விற்றுவிட்டு, மறு ஆண்டு ரூஸ்வெல்டை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள். மலேரியாவையும் இந்த அணைகள்தான் விரட்டின. கொசு முட்டையிடும் பருவத்தில் நீர்மட்டத்தை வாரத்துக்கு வாரம் ஏற்றி இறக்கினால், கரையோரத்துப் புழுக்கள் தரையில் ஒதுங்கிக் காய்ந்து செத்துப்போகும். எளிய உத்தி, அதைப் பொறுமையாகச் செய்தார்கள். காய்ச்சல் ஒழிந்தது. அரசாங்கம் கையை வைத்தால் எதுவும் உருப்படாது என்று பேசுகிறவர்கள் இந்தப் பள்ளத்தாக்கை ஒருமுறை வந்து பார்க்கவேண்டும்.

ஆனால் இந்த அணைகள் மட்டுமே மந்தத்தை முடித்துவிட்டன என்று சொன்னால் அது பொய்யாகும். கொஞ்சம் தலைதூக்கியதும் செலவைக் குறைக்கப்போய், 1937-இல் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. 1940-இல்கூட நூற்றில் 14 பேருக்கு மேல் வேலையில்லாமல் இருந்தார்கள். 1944-இல் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்று என்று இறங்கியது. நடுவில் வந்தது போர். 1941 டிசம்பர் 7-ஆம் தேதி பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட பிறகு, பணம் இல்லை என்ற பேச்சே நின்றுபோனது. பட்டினியை ஒழிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்த பணமுடிச்சைப் போருக்காக ஒரே நாளில் அவிழ்த்தார்கள். இது எந்த நாட்டுக்கும் பெருமை தருகிற செய்தி கிடையாது.

அந்தப் பணம் பாய்வதற்கு வாய்க்கால் தயாராக இருந்தது என்பதுதான் இந்தப் பகுதியின் கதை. விமானத்துக்கு அலுமினியம் வேண்டும், அலுமினியத்துக்கு மின்சாரம் வேண்டும். நாக்ஸ்வில்லுக்குத் தெற்கே ஆல்கோவா என்ற ஊரிலேயே பெரிய அலுமினிய ஆலை இருந்தது. அதன் பசிக்காகத் தொடங்கிய டக்ளஸ் அணையை ஏறத்தாழ ஒரே ஆண்டில் கட்டி முடித்தார்கள். வடகரோலினா எல்லையில் 480 அடி உயர ஃபோன்டானா அணையை மூன்று ஷிப்டு போட்டு இரவு பகலாக எழுப்பினார்கள். ஐந்தரை மணி நேர ஷிப்டும் மாலை வகுப்பும் போன இடம் தெரியவில்லை.

ஃபோன்டானாவைப் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்லவேண்டும். அதற்காக மூழ்கிய சாலைக்குப் பதிலாக, போர் முடிந்ததும் வடகரையில் புதுச்சாலை போட்டுத் தருவதாக 1943-இல் ஒப்பந்தம் எழுதினார்கள். வெளியேறிய குடும்பங்களுடைய முன்னோரின் சமாதிகள் அந்தக் கரையில் இருந்தன. சில மைல் சாலையும் ஒரு சுரங்கப்பாதையும் போட்டதோடு வேலை நின்றது. பிரைசன் சிட்டி பக்கம் போனால் அந்தச் சுரங்கத்துக்குள் நடந்து மறுபக்கம் வரலாம். அங்கே காட்டுப்பாதை மட்டுமே இருக்கிறது. ஊர்க்காரர்கள் அதற்கு 'எங்கும் போகாத சாலை' என்று பெயர் வைத்தார்கள். 2010-இல் சாலைக்குப் பதில் அந்த மாவட்டத்துக்கு 5 கோடியே 20 லட்சம் டாலர் தருவதென்று முடிவானது. இன்றும் ஆண்டுதோறும் அந்தக் குடும்பங்கள் படகில் ஏரியைக் கடந்துபோய்ச் சமாதிக்குப் பூ வைத்துவிட்டு வருகின்றன.

கிளின்ச் ஆற்றுக்குத் திரும்புகிறேன். 1942 இலையுதிர் காலத்தில் அணுகுண்டுத் திட்டத்துக்காக ராணுவத்தின் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் நாரிஸுக்குக் கீழே, ஆறு வளைந்து ஓடும் இடத்தில், சுமார் 59,000 ஏக்கரைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் மலைமுகடுகள். ஒரு பள்ளத்தில் விபத்து நடந்தாலும் அடுத்த பள்ளம் தப்பிக்கும். கடற்கரையிலிருந்து வெகுதூரம். தண்ணீருக்கு ஆறு. எல்லாவற்றுக்கும் மேலாக, டி.வி.ஏ.வின் மின்சாரம் பக்கத்திலேயே தயாராக இருந்தது. வீட், ராபர்ட்ஸ்வில், எல்ஸா, ஸ்கார்பரோ ஆகிய சிற்றூர்களில் இருந்த ஏறத்தாழ 3,000 பேரை வெளியேறச் சொன்னார்கள். சிலருக்கு இரண்டு, மூன்று வாரமே அவகாசம். காரணம் சொல்லவில்லை.

அவர்களில் சிலர் நாரிஸ் நீர்த்தேக்கத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை வெளியேறி இங்கே வந்து குடியேறியவர்கள். நான் சொன்ன அருங்காட்சியகத்தை 1969-இல் தொடங்கிய ஜான் ரைஸ் இர்வினின் குடும்பமும் அதில் ஒன்று. சிறுவனாக இருந்தபோதே இரண்டு முறை வீட்டைக் காலி செய்ததைப் பார்த்தவர், பிற்காலத்தில் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் வீடுகளையும் உழவுச் சாமான்களையும் சேகரித்தார். அங்கே வேலை பார்க்கும் ஒரு முதிய அம்மாள், தன் தாத்தாவின் நிலமும் தண்ணீருக்கு அடியில்தான் என்று எங்களிடம் சொன்னார். அதே மூச்சில், கரண்டு வந்ததும் தன் பாட்டி முதலில் வாங்கியது சலவை இயந்திரம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

அந்த நிலத்தில் எழுந்த ஓக் ரிட்ஜ் இரண்டரை ஆண்டுக்குள் 75,000 பேர் வாழும் ஊரானது. முள்வேலி, காவல் கோபுரம், கழுத்தில் அடையாள அட்டை. எந்த வரைபடத்திலும் ஊரின் பெயர் கிடையாது. சிமென்டும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்த்த பலகைகளால் மளமளவென்று வீடுகள் எழுந்தன. ஏ வகை, பி வகை, சி வகை என்று எழுத்துகளே அவற்றின் பெயர். இன்றும் அந்தத் தெருக்களில் நடந்தால், முகப்பை மாற்றி, திண்ணை சேர்த்து, பூச்செடி வைத்து மக்கள் குடியிருக்கும் அந்த வீடுகளை அடையாளம் காணலாம். அணுகுண்டுத் திட்டத்துக்கு ஆன சுமார் 200 கோடி டாலரில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஊருக்குச் செலவானது. நாரிஸில் ஒவ்வொரு வீட்டையும் யோசித்துக் கட்டிய தேசம்தான் இங்கே ஒரு நகரத்தையே அவசரத்தில் கொட்டியது.

ஒய்-12 என்ற ஆலையில் மின்காந்தத்தால் யுரேனியத்தைப் பிரித்தார்கள். காந்தச் சுருளுக்குச் செம்பு தட்டுப்பாடு என்பதால், அரசுக் கருவூலத்திலிருந்து 14,700 டன் வெள்ளியைக் கடன் வாங்கிக் கம்பியாக இழுத்தார்கள். அதன் கடைசிப் பகுதி கருவூலத்துக்குத் திரும்பிப் போனது 1970-இல். அந்தக் கருவிகளை இயக்கியவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்துவிட்டு வந்த சுற்றுவட்டாரப் பெண்கள். எட் வெஸ்ட்காட் என்ற அரசுப் புகைப்படக்காரர் எடுத்த படம் ஒன்று ஊர் முழுக்கக் காணக் கிடைக்கிறது. நீளமான கூடம், இரண்டு பக்கமும் ஆளுயரப் பலகைகளில் முள் காட்டும் மீட்டர்கள், உயரமான முக்காலிகளில் வரிசையாகப் பெண்கள். முள் இந்த இடத்தைத் தாண்டினால் இந்தக் குமிழை இப்படித் திருப்பு என்பது மட்டும்தான் அவர்களுக்குச் சொன்ன பாடம். முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானிகளோடு போட்டி வைத்தபோது இந்தப் பெண்களே அதிக உற்பத்தி காட்டினார்கள். நிலத்தை விட்டுக் கிளம்பிய குடும்பங்களின் பெண்களுக்கு முதல்முறையாகக் கைநிறையச் சம்பளம் கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது.

கே-25 இன்னொரு ஆலை. யு எழுத்து வடிவம், ஒவ்வொரு கையும் அரைமைல் நீளம், அடித்தளமே 44 ஏக்கர். 2013-க்குள் முழுவதையும் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே பரந்த வெற்றுத்தரையும், பக்கத்தில் 2020-இல் திறந்த ஒரு வரலாற்றுக்கூடமும் இருக்கின்றன. அந்தக் கூடத்தில் நின்று, வேலை செய்தவர்களின் குரல் பதிவுகளைக் கேட்கலாம்.

இந்த ஆலைகளை எழுப்பிய கறுப்புத் தொழிலாளிகளுக்குக் கொடுத்தது ஒட்டுப்பலகைக் குடிசைகள். சன்னலில் கண்ணாடி கிடையாது, மரக்கதவு மட்டும். ஒரு குடிசைக்கு நான்கைந்து பேர். கணவனும் மனைவியுமாக வந்தவர்களும் தனித்தனியாகத்தான் இருக்கவேண்டும். பெண்களின் பகுதிக்குத் தனி வேலி. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாடு கூடாது என்று ரூஸ்வெல்ட் 1941 ஜூனிலேயே ஆணை போட்டிருந்தார்.

எப் கேட் என்ற தொழிலாளியின் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதாமல் விட மாட்டேன். கட்டுமான வேலைக்கு வந்த கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கார் விபத்தில் எலும்பு முறிந்து ஓக் ரிட்ஜ் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தார். 1945 ஏப்ரல் 10-ஆம் தேதி, அவருக்குத் தெரியாமல், அவர் உடம்பில் புளூட்டோனியம் ஏற்றினார்கள். உடம்பில் அது என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக. இப்படிச் சோதனைக்கு ஆளாக்கப்பட்ட வரிசையில் முதல் மனிதர் அவர். 1953-இல் இறந்தார். செய்தி முழுமையாக வெளியே வந்தது 1990-களில்தான். எலும்பு முறிவுக்கு மருத்துவம் தேடி வந்த மனிதருக்கு அவருடைய அரசாங்கம் செய்தது இது. இதற்குப் போர்க்கால அவசரம் என்ற சமாதானம் செல்லாது.

1945 ஆகஸ்டு 6. அன்று அதிபர் ட்ரூமன் விடுத்த அறிக்கையை வானொலியில் கேட்டபோதுதான், தாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது ஓக் ரிட்ஜின் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது. தெருவில் ஆடிப்பாடிக் கொண்டாடினார்கள். அண்ணன் தம்பிகள் பசிபிக் கடலில் போரிட்டுக்கொண்டிருந்த வீடுகள் அவை. அவர்கள் உயிரோடு திரும்புவார்கள் என்ற மகிழ்ச்சி அது. அதே நேரத்தில் ஹிரோஷிமாவில் நடந்தது உலகம் அறிந்தது.

ஊர் நடுவே ஒரு பூங்காவில் ஜப்பானிய முறையில் வார்த்த நான்கு டன் வெண்கல மணி தொங்குகிறது. 1993-இல் கியோட்டோவில் வார்த்து, 1996-இல் இங்கே நிறுவினார்கள். யோசனை சொன்னவர்கள் ஷிகேகோ உப்புலூரி என்ற ஜப்பானியப் பெண்மணியும் அவர் கணவர் ராம் உப்புலூரியும். கணவர் ஆந்திராவிலிருந்து வந்து ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கணித அறிஞர். மணி பௌத்த மதச் சின்னம், பொது இடத்தில் இருக்கக்கூடாது என்று ஒருவர் வழக்குப் போட்டார், நீதிமன்றம் தள்ளிவிட்டது. பக்கவாட்டில் தொங்கும் மரக்கட்டையை இழுத்து விட்டால் யாரும் மணியை ஒலிக்கலாம். என் அக்கா மகன் ஒலித்தான். ஓசை வயிற்றில் அதிர்ந்து, அடங்க வெகுநேரம் ஆனது. "இதுக்கு நம்மாள் ஒருத்தர் காரணமா இருந்திருக்கார், இத்தனை வருஷம் இங்க இருந்தும் தெரியாம போச்சே சித்தி" என்றான்.

டி.வி.ஏ.வின் கதை நம் நாட்டுக்கும் வந்தது. 1943-இல் தாமோதர் நதி உடைத்துக்கொண்டு வங்காளத்தை மூழ்கடித்த பிறகு, டி.வி.ஏ.வின் பொறியாளர் வூர்டுவினை வரவழைத்துத் திட்டம் போட்டார்கள். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் அதே அச்சில் உருவானது. வெள்ளம் தணிந்தது, மின்சாரம் வந்தது. அங்கேயும் மூழ்கிய நிலத்தில் சந்தால் பழங்குடி மக்களுடையதும் இருந்தது. அமெரிக்காவிடமிருந்து அணை கட்டக் கற்றுக்கொண்டோம். பத்திரம் இல்லாதவனைக் கணக்கில் சேர்க்காத பழக்கமும் கூடவே வந்தது.

மறுபடி ஓக் ரிட்ஜ் பக்கம் வருகிறேன். காலி செய்யச் சொன்ன வீட் என்ற ஊரில் மிஞ்சியிருக்கும் ஒரே கட்டடம் 1901-இல் கட்டிய ஜார்ஜ் ஜோன்ஸ் நினைவு பாப்டிஸ்ட் தேவாலயம். வெளியேற்றப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே ஆண்டுக்கொருமுறை கூடுகிறார்கள். அதற்குக் கொஞ்ச தூரத்தில், மரங்களுக்கிடையே, பழைய தோட்டம் ஒன்றில் அடிமைகளாக உழைத்தவர்களின் இடுகாடு. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சமாதிகள் இருப்பதாகக் கருதுகிறார்கள். தலைமாட்டில் வயல்கல் ஒன்று நட்டிருப்பார்கள். அதில் பெயர் இருக்காது. அணை கட்டுவதற்கும் வேலி போடுவதற்கும் வெகுகாலம் முன்பே இந்த நிலத்தைத் திருத்தியவர்கள் அவர்கள்.

நாக்ஸ்வில் பக்கம் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஸ்மோக்கி மலைக்குப் போங்கள், அதோடு இந்த ஆற்றுக்கும் ஒரு நாள் கொடுங்கள். காலையில் நாரிஸ் அணையில் தொடங்கி, அப்பலாச்சியா அருங்காட்சியகத்தில் அவசரப்படாமல் இரண்டு மணி நேரம் செலவிட்டு, பிறகு ஆற்றோடு ஓக் ரிட்ஜுக்கு இறங்குங்கள். வீட் இடுகாட்டையும் விட்டுவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவர்கள் பள்ளிப் புத்தகத்தில் ரூஸ்வெல்டின் மீட்புத் திட்டம் ஒரு பாடம், உலகப்போர் வேறொரு பாடம். இரண்டிலும் வீட்டைக் காலி செய்தவர்களில் சிலர் ஒரே ஆட்கள் என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.